அஸ்தூரியாஸ் சைடர் கடைகளில் தலைக்கு மேல் தூக்கி ஊற்றுவது ஏன்? நாமே ஊற்றிக்கொள்ளலாமா?

வேடிக்கை காட்டுவதற்காக இல்லை. அப்படி ஊற்றாமல் குடித்தால் அந்தச் சைடரின் ருசியில் பாதிகூடத் தெரியாது.

வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில், நாவா, வில்லாவிசியோசா போன்ற சிறிய ஊர்களில் குடும்பமாக நடத்தும் கடைகளில் கிடைப்பது இயற்கைச் சைடர். ஆப்பிள் சாறு தானாகப் புளித்து வந்தது. வடிகட்டுவதில்லை, சர்க்கரையோ வாயுவோ சேர்ப்பதில்லை. ஆல்கஹால் 5 முதல் 6 சதவீதம். பாட்டிலில் பார்த்தால் நுரையே இருக்காது. புளிக்கும்போது உண்டான கரியமில வாயு கொஞ்சம் உள்ளே கரைந்து கிடக்கும். உயரத்திலிருந்து விழுந்து கிளாஸில் மோதிச் சிதறினால்தான் அது வெளியே வரும், மணத்தையும் கூட்டிக்கொண்டு. நம்மூர் டீ ஆற்றலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: டீயில் நுரை நிற்க வேண்டும், இதில் நொடிகளில் அடங்கிவிட வேண்டும்.

நாமே ஊற்றலாம், பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். முதலில், திறப்பதற்கு முன் பாட்டிலை ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடியில் தங்கிய மண்டி கலக்க வேண்டும். பாட்டில் பிடித்த கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கி, கிளாஸ் பிடித்த கையை உடம்புக்கு நடுவில், இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். கிளாஸ் வாய் அகன்றது, மெல்லியது. அதைச் சாய்த்துப் பிடித்து, தாரை உள்பக்கச் சுவரில், விளிம்பை ஒட்டி விழும்படி ஊற்ற வேண்டும். இரண்டு விரற்கடை போதும். 70 சென்டிலிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய ஆறு முறை ஊற்றலாம்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். தாரை விலகினால் பாட்டிலை அசைப்பார்கள். அசைக்க வேண்டியது கிளாஸை. பயந்துகொண்டு பாட்டிலைக் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். தாரை அறுந்து, சொட்டுச் சொட்டாகச் சட்டையில் விழும். வீட்டில் தண்ணீரை வைத்து, ஒரு முழ உயரத்திலிருந்து தொடங்கிப் பழகுங்கள். கண் கிளாஸின் மேல் இருக்கட்டும்.

ஊற்றியதும் ஒரே மடக்காகக் குடித்துவிட வேண்டும். மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் வாயு போய்விடும், வெறும் புளித்த சாறுதான் மிஞ்சும். கடைசிச் சொட்டை, வாய் வைத்த இடம் வழியாகவே தரையிலுள்ள கால்வாயிலோ வாளியிலோ கொட்டுவார்கள். ஒரே கிளாஸ் கூட்டத்தில் சுற்றிவருவதால் எச்சில் பட்ட விளிம்பைக் கழுவும் வழி அது. எல்லாவற்றையும் குடித்துவிட்டு வெறும் கிளாஸை நீட்டினால் அடுத்தவருக்குச் சங்கடம்.

சரக்கு நல்லதா என்று ஊற்றும்போதே தெரிந்துவிடும். நுரை சட்டென்று அடங்கி, கிளாஸ் சுவரில் மெல்லிய படலம் ஒட்டி நின்றால் நல்லது. எண்ணெய் போலச் சத்தமில்லாமல் வழிந்தால், சில லாக்டிக் பாக்டீரியாக்கள் சர்க்கரையைப் பிசின் போன்ற பொருளாக மாற்றிவிட்டன என்று அர்த்தம். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தாரை மோதிச் சிதறாது, மணமும் எழாது. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தொண்டையில் வினிகர் காரம் அடித்தால், பீப்பாயில் காற்று புகுந்திருக்கிறது. மிகவும் குளிரவைத்தாலும் வாயு கிளம்பாது; 12 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. ஐஸ் கேட்கவே வேண்டாம்.

கடையைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றுதான். லேபிள் ஒன்றாக இருந்தாலும் பீப்பாய்க்குப் பீப்பாய் ருசி மாறும். இப்போது எந்தப் பீப்பாய்ச் சரக்கு ஓடுகிறது, முந்தையதைவிட எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அக்கறையுள்ள கடைக்காரர் நின்று பதில் சொல்வார், அங்கேயே உட்காருங்கள். மேசையில் பம்ப் வைத்துப் பீய்ச்சும் மின்கருவியும் பல இடங்களில் உண்டு. அவசரத்துக்கு உதவும், ஆனால் பழகிய கை ஊற்றுவதற்கு அது ஈடாகாது. அஸ்தூரிய சைடர் பண்பாட்டை 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கைப்பழக்கத்தையும் சேர்த்துத்தான்.

தொட்டுக்கொள்ளச் சைடரில் வெந்த சோரிசோ சாசேஜ், இல்லையென்றால் கப்ராலெஸ் நீலப் பாலாடைக்கட்டி. இரண்டின் கொழுப்பையும் அந்தப் புளிப்பு நன்றாக வெட்டும்.