‘தனை’ எண்டா ஆரு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு பின்னேரம் மட்டக்களப்புக் கல்லடியில் நடந்த புல்லாங்குழல் கச்சேரிக்கு அக்கரைப்பற்றிலிருந்து மனைவி, மகனோடு வந்திருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்தப் பெரியவரை நேரில் கேட்க வேண்டும் என்பது பல வருட ஆசை. ஆனால் மனம் நிறையவில்லை. இரண்டரை மணி நேரத்தில் அவர் தனியாக வாசித்தது முக்கால் மணி நேரம்கூட வராது. மிச்சம் முழுக்க மூன்று சீடர்கள்தான். ஒலிபெருக்கியும் சரியில்லை. குருவைக் கேட்க வந்தவர்களுக்குச் சீடர்களைக் காட்டி அனுப்புவது நியாயமா? கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், முடிவில் வரும் சின்னப் பாட்டான துக்கடாவுக்கு முன்பே எழும்பிவிட்டோம்.

இன்னொன்று. மகனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து குழல் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். எங்கே வாங்கலாம்? எத்தனை கட்டைச் சுருதிக் குழல்? யூடியூப் பார்த்துப் பழகலாமா? மனைவி வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் வரை வாய்ப்பாட்டுப் படித்தவர். ஆனால் குழல் தெரியாது.

அன்புள்ள தம்பி,

நானும் அங்கேதான் இருந்தேன், வலப்பக்கம் மூன்றாவது வரிசையில். அன்று இரவு தொடங்கி ஒரே விஷயம் மனதுக்குள் சுழன்றுகொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒலிபெருக்கி பற்றி நீங்கள் சொன்னது சரி. மூங்கிலின் சத்தத்தில் இத்தனை எதிரொலியைக் கொட்டக்கூடாது. அதை விடுவோம்.

‘நியாயமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. கச்சேரிக்கு வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டா இருப்பது? அதுவும் நம்முடைய ஊர்ப்பக்கத்து ஆள்? கூத்துப் பார்த்து வளர்ந்த மண் இது. வடமோடிக் கூத்தில் அரசன் வேஷக்காரர் வட்டக்களரியைச் சுற்றி ஆடிக்கொண்டே பாடுகிறார். அவர் பாட்டின் அடியை முடித்ததும், கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குகிறார். கால் மட்டும் நிற்பதில்லை. விடியவிடியப் பாயில் இருந்து பார்க்கிற நம்மில் ஒருவராவது, அரசன் பாதிதான் பாடினான், ஏமாற்றிவிட்டான் என்று எழும்பிப் போனதுண்டா?

அன்று பெரியவர் வாசித்த தோடி ராகத்தை நினைத்துப் பாருங்கள். குழலில் துளைகளை முழுசாக மூடித் திறந்தால் இயல்பாக வருவது அரிகாம்போதி ராகம். தோடியின் ரி, க, த ஸ்வரங்கள் மூன்றும் அதிலுள்ளவற்றைவிடத் தாழ்ந்தவை. ஒவ்வொன்றையும் பாதித் துளையில் விரலை இழைத்து, உதட்டின் கோணத்தைச் சற்றே மாற்றி எடுக்க வேண்டும். காந்தாரம், அதாவது அந்தக் ‘க’, அசையாமல் நின்றால் அது தோடியே இல்லை. எழுபது கடந்த மனிதர் இதை இருபது நிமிடம் செய்தார். மேல்ஸ்தாயியில் ஓர் இடத்தில் அவருக்குக் காற்று முடியப்போகிறது என்பது எனக்கே தெரிந்தது. அதற்குள் பக்கத்திலிருந்த மூத்த சீடர் அதே ஸ்வரத்தை மெல்லப் பிடித்துக்கொண்டார். பெரியவர் மூச்சு வாங்கினார். ராகம் அறுந்ததா? நீங்கள் அந்த இடத்தைச் ‘சீடர் வாசித்தது’ என்று கணக்கில் எழுதியிருப்பீர்கள்.

இனி, என் மனதில் சுழல்கிற விஷயம்.

நான் இருந்த இடத்திலிருந்து பெரியவரின் முகம் நன்றாகத் தெரிந்தது. சீடர்கள் கீர்த்தனை வாசித்தபோது அவர் குழலை மடியில் கிடத்தியிருந்தார். ஒரு கை தொடையில் தாளம் போட்டது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. வெற்றிலை மெல்லுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். பல்லவி திரும்பி வந்தபோதுதான் விளங்கியது. அவர் பாடிக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல், சொல் சொல்லாக. சொல் முடிகிற இடத்தில் அவருடைய உதடு மூடியது. மூன்று குழல்களும் அங்கேதான் மூச்சு விட்டன.

குழலுக்குச் சொல் இல்லை என்று நினைக்கிறோம். இல்லைதான். ஆனால் நல்ல குழலில் சொல் கேட்கும். சரப சாஸ்திரி 1904இல் தம் 32 வயதிலேயே போய்விட்டார். அதற்குள் குழலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக நிறுத்திக் காட்டியிருந்தார். அவர் வழியில் பல்லடம் சஞ்சீவ ராவ் வந்தார். அதன்பின் மாலி, 1926இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். குழலை ஒரு பாடகரின் தொண்டையாகவே மாற்றியவர். அவருடைய சீடர் ரமணியின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள். பாட்டுத் தெரிந்தவருக்கு வரி காதில் விழும். விரல் வேகத்தால் வருவதில்லை அது. வாசிப்பவர் எந்த இடத்தில் மூச்சை நிறுத்துகிறார், எந்த இடத்தில் நிறுத்தமாட்டேன் என்கிறார் என்பதில் இருக்கிறது. இதைத் திரும்பத்திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், இன்னும் சொல்வேன். இன்று குழல் பழகுகிற பிள்ளைகளில் பலருக்குத் தாங்கள் வாசிக்கிற பாட்டின் ஒரு வரி தெரியாது. ஸ்வரத்தைக் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறார்கள், பிள்ளை விரலை ஓட்டுகிறது. சொல்லின் நடுவில் மூச்சு வாங்குகிறது. அம்மா அப்பா கைதட்டுகிறார்கள். பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். கைதட்டுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

எனக்குப் படிப்பித்தவர் தபால் கந்தோரில் வேலை செய்தார். எல்லாரும் மாஸ்டர் என்போம். 1984இல் எனக்குப் பதினொரு வயது. குழல் பழகத்தான் போனேன். எட்டு மாதம் குழலைத் தொடவே விடவில்லை. பாடு, பாடு என்பார். சுவரில் ஆணியில் ஒரு துணிப்பையில் அவருடைய குழல்கள் தொங்கும். நல்லெண்ணெய் ஊறிய வாசம் வரும். நான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே பாடுவேன்.

ஒருநாள் பாபநாசம் சிவனின் ‘என்ன தவம் செய்தனை’. மாஸ்டர் என் வாய்க்கு முன்னால் தன் புறங்கையைக் கொண்டுவந்து வைத்தார். நான் பாட, அவர் கண்ணை மூடிக்கொண்டு காற்றைக் கவனித்தார். நடுவில் எனக்கு மூச்சு முட்டியது. கை நகரவில்லை.

“எங்க மூச்சு வாங்கினாய்?”

எனக்குத் தெரியவில்லை.

“‘என்ன தவம் செய்’ எண்டு நிப்பாட்டினாய். பிறகு ‘தனை’ எண்டு தொடங்கினாய். தனை எண்டா ஆரு, மனே?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு வரியை அன்று பொழுதுபடும்வரை பாடவைத்தார், புறங்கையை எடுக்காமலே. கடைசியில் ‘செய்தனை’ பிரியாமல் வந்தபோது எழும்பிப்போய்ப் பையை அவிழ்த்து ஒரு சின்னக் குழலை என் கையில் தந்தார். ஊதினேன். வெறும் காற்றுத்தான் வந்தது. “காரியமில்ல, சரியான இடத்திலதான் நிப்பாட்டினாய்” என்றார்.

1990இல் யுத்தத்தில் ஊர் சிதறியபோது மாஸ்டரும் போனார். பிறகு நான் அவரைக் காணவில்லை. குழலையும் விட்டுவிட்டேன்.

தம்பி, நீங்கள் பஸ்ஸுக்கு எழும்பிப் போன பிறகு துக்கடாவாக வந்தது அதே பாட்டு. பதினாறு வயது மதிக்கத்தக்க ஆகச் சின்னச் சீடனுக்குப் பெரியவர் முதல் அடியை விட்டுக்கொடுத்தார். பிள்ளைக்குப் பதற்றம். ‘செய்’யில் காற்று முடிந்துவிட்டது. மண்டபத்தில் எத்தனை பேர் கவனித்தார்களோ, எனக்கு முதுகு கூசியது. பெரியவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த சுற்றுக்கு மடியிலிருந்த குழலை எடுத்து, சால்வை நுனியால் ஊதுதுளையைத் துடைத்து, அவனோடு சேர்ந்துகொண்டார். அவனுடைய நாதத்துக்கு அடியில் மிக மெல்லிதாக, ‘செய்தனை’யைக் கடந்து ‘யசோதா’ வரை ஒரே மூச்சு. மூன்றாம் சுற்றில் தம் குழலை இறக்கிவிட்டார். பையன் தனியே வாசித்தான். பிரியாமல் வந்தது. பெரியவரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னால் அதற்குமேல் மேடையைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் கேட்க வந்தது அவரைத்தான் என்றால், அவர் அந்த மூன்று சுற்றிலும் இருந்தார்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் குழல் வாங்க வேண்டாம். ஒன்பது வயதுக் கைக்கு நீளக் குழல் எட்டாது, குட்டைக் குழல்தான் சரி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். யூடியூப் வேண்டவே வேண்டாம். விரலை அதில் பார்க்கலாம், புறங்கையை யார் வைப்பது? வீட்டில் நாலாம் தரம் வரை படித்தவர் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதும்போது ‘ஆனால்’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். அவரிடம் ‘என்ன தவம் செய்தனை’யைப் படிப்பிக்கச் சொல்லுங்கள். பிள்ளை பாடும்போது வாய்க்கு முன்னால் கையை வைத்துப் பார்க்கட்டும். தைப்பொங்கல் கழிந்து எனக்கு எழுதுங்கள், குழல் எங்கே வாங்குவது என்று அப்போது கதைப்போம்.