புரோகிராம் எழுதாதவர்களுக்கு மோனோஸ்பேஸ் சான்ஸ் ஃபான்ட்டால் என்ன பயன்?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு சரி, கடைக்கணக்கு பார்க்கிறவனுக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் (மோனோஸ்பேஸ்), நுனியில் முனைக்கால் என்கிற சின்னக் கோடுகள் இல்லாமல் (சான்ஸ்) இருக்கிற ஃபான்ட் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கணக்கு பார்க்கிறவனுக்குத்தான் அது முதலில் வேண்டும். கொழிஞ்சாம்பாறை பக்கம் சின்னக் கடைகளுக்கு பில் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பாலக்காடு ஜில்லாதான், ஆனால் கல்லாவில் தமிழும் மலையாளமும் கலந்தே ஓடும். சரக்கு பாதி பொள்ளாச்சியில் இருந்து வரும்.

எல்லையில் கடை வைத்தவருக்கு ஜிஎஸ்டி எண்தான் தலைவலி. 15 இடம். முதல் இரண்டு மாநிலம்: கேரளம் 32, தமிழ்நாடு 33. பிறகு பான் எண்ணின் பத்து. பதினாலாவது இடத்தில் வழக்கமாக ஆங்கில இசட் வரும். அது பார்வைக்கு 2 மாதிரியே இருக்கும். பான் எண்ணுக்குள் ஆங்கில ஓ வரலாம், பூஜ்யமும் வரலாம். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி எண் இன்னும் மோசம்: 11 இடத்தில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், அங்கே ஓ தட்டுகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். சாதாரண ஃபான்ட்டில் இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. நல்ல மோனோஸ்பேஸில் பூஜ்யத்துக்குள் ஒரு சாய்கோடோ புள்ளியோ இருக்கும். கன்சோலாஸ் என்ற ஃபான்ட்டில் சாய்கோடு, சோர்ஸ் கோடு புரோ என்ற ஃபான்ட்டில் புள்ளி. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் ஓர் இடம் விட்டுப்போனதும் வரிசையின் நுனியிலேயே தெரிந்துவிடும்.

இந்த ஃபான்ட்டை வரைகிறவர் பாடு பெரிய பாடு. ஆங்கிலச் சிறிய ஐ, எல் இரண்டும் ஒல்லி, எம் அகலம். மூன்றுக்கும் ஒரே கட்டம். ஒல்லி எழுத்துக்கு அடியில் கால் வைத்து, வாலை வளைத்து இடத்தை நிரப்புவார்கள். எம் பாவம், ஷேர் ஆட்டோவில் நடுவில் மாட்டியவர் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். பல ஃபான்ட்டுகளில் அதன் நடுக்காலை வெட்டிக் குட்டையாக்கியிருப்பார்கள். சான்ஸ் என்றால் முனைக்கால் கிடையாது என்பார்கள், ஆனால் ஐக்கும் எல்லுக்கும் மட்டும் அதைக் கள்ளத்தனமாக விட்டுவைப்பார்கள். அந்தக் கால்தான் ஒன்று, எல், பெரிய ஐ மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது. தடித்த எழுத்தும் அதே அகலம்தான், அதனால் மொத்தத்தை போல்டில் போட்டாலும் நெடுவரிசை கலையாது.

இந்த ஒரே அகலப் பழக்கம் டைப்ரைட்டரில் இருந்து வந்தது. எந்தச் சாவியை அடித்தாலும் காகிதத்தைப் பிடித்திருக்கிற வண்டி ஒரே தூரம்தான் நகரும். 1950-களின் நடுவில் வந்த கூரியர் என்ற ஃபான்ட் முனைக்கால் உள்ள எழுத்து, காகிதத்தில் அழகு. பழைய திரைகளில் புள்ளிகள் குறைவு, முனைக்கால் எல்லாம் அடைசலாகிவிடும். அங்கே சான்ஸ்தான் எடுபட்டது. பாஸ்போர்ட் கையில் இருந்தால் போட்டோப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். 44 இடம் வீதம் இரண்டு வரி, ஓசிஆர்-பி என்ற ஃபான்ட். ஏட்ரியன் ஃபுருட்டிகர் 1968-இல் கொடுத்தது, மெஷினும் மனிதனும் ஒருசேரப் படிப்பதற்கென்றே வரைந்தது. ஒரே அகலம், முனைக்கால் இல்லை.

கடையில் தினமும் கிழித்துக் கொடுக்கிற தெர்மல் (சூட்டில் அச்சாகும்) பில்லும் இதே வகைதான். 58 மில்லிமீட்டர் பேப்பரில் குறுக்கே 384 புள்ளி. ஓர் எழுத்துக்கு 12 புள்ளி, ஆக வரிக்கு 32 எழுத்து. 80 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் 48. அளவு, விலை, தொகை எல்லாம் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் நேராக நிற்கின்றன.

தமிழில் பொருள் பெயர் போட்டதும் எல்லாம் குலையும். பொன்னி என்று அடித்தால் நமக்கு மூன்று எழுத்து, கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் ஆறு குறி, பேப்பரில் அது அடைக்கிற அகலமோ இரண்டுக்கும் ஒட்டாது. ர ஒல்லி, ணை அகலம், கொ என்றால் மூன்று உருவம் பக்கத்தில் பக்கத்தில். இதை எல்லாம் ஒரே கட்டத்தில் அடைத்தால் ஒன்று நசுங்கும், இன்னொன்று தொளதொளக்கும். மலையாளத்துக்கும் இதே கதி. போதாததற்கு, மலிவு பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்தே இருக்காது. நான் செய்வது இது: பெயரைச் சாதாரணத் தமிழ் ஃபான்ட்டில் படமாக வரைந்து ஒரு தனி வரியில் அனுப்பிவிடுவேன், எண்களை அதற்கு அடுத்த வரியில் பிரிண்டரின் சொந்த எழுத்தில் விடுவேன். பேப்பர் கொஞ்சம் கூடச் செலவாகும். கடைக்காரர் முணுமுணுப்பார். பாட்டிமார் பில்லைப் படிப்பார்கள்.

எக்செல்லில் தொகை கூட்டுவதற்கு மட்டும் இது வேண்டியதில்லை. பெரும்பாலான சாதாரண ஃபான்ட்டுகளிலும் இலக்கங்கள் ஏற்கனவே ஒரே அகலம்தான். கடிதம், நோட்டீஸ், நீளமான கட்டுரைக்கும் வேண்டாம், கண் களைத்துவிடும். ஜிஎஸ்டி எண் மாதிரி இலக்கமும் எழுத்தும் கலந்தவை இருக்கிற நெடுவரிசைக்கு மட்டும் மாற்றுங்கள், போதும்.

விண்டோஸ் என்றால் கன்சோலாஸ் கூடவே இருக்கும். காசில்லாமல் வேண்டுமானால் சோர்ஸ் கோடு புரோ, ஐபிஎம் பிளெக்ஸ் மோனோ, ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைக்கும்; சாஃப்ட்வேரோடு சேர்த்துக் கொடுக்கவும் தடை இல்லை. என் ஓட்டு பிளெக்ஸுக்கு. ஆனால் நிறுவுவதற்கு முன் உங்கள் சப்ளையர்களின் ஜிஎஸ்டி எண்களையே அதில் அடித்து, கடைக்கு வாங்கப்போகிற பேப்பரிலேயே பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். திரையில் பளிச்சென்று இருக்கிற பூஜ்யத்தின் புள்ளி தெர்மலில் அடைந்துபோவதுண்டு. அடைந்தால் கோடு போட்ட பூஜ்யம் உள்ளதற்கு மாறிவிடுங்கள்.