தராசில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சுக் கணித மேதை பெர்மாவின் கடைசித் தேற்றம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவர் ஓரத்தில் குறிப்பெழுதிய புத்தகத்தை மொழிபெயர்த்தவர் பாஷே என்று அதில் இருந்தது. எனக்கும் ஒரு கணித நூலைத் தமிழில் கொண்டுவர ஆசை. ஆனால் நான் படித்தது வணிகவியல். இறங்கலாமா? பாஷேயும் வெறும் மொழிபெயர்ப்பாளர்தானே?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாக இறங்கலாம். பட்டமெல்லாம் வேண்டாம். யார் வெளியிடுவார்கள் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அதை இப்போது விடுங்கள். எனக்கு உறுத்துவது அந்த 'வெறும்'. கொஞ்ச நாளாகவே அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், வசமாக நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

பாஷே 1581-இல் பிரான்சின் பூர்கான்பிரெஸ் ஊரில் பிறந்தவர். கணிதம் அவருக்குப் பிழைப்பு இல்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் கவிதையையும் மொழிபெயர்த்தார். நீங்கள் படித்த அந்தப் புத்தகம், பழங்காலக் கிரேக்கக் கணிதர் டயோஃபாண்டஸின் எண்கணித நூல். அதை 1621-இல் கிரேக்க மூலத்தோடும் லத்தீன் மொழிபெயர்ப்போடும் வெளியிட்டார். படிக்கிறவன் புரியாத வரியைத் தாண்டிப் போய்விடலாம். மொழிபெயர்ப்பவன் எங்கே தாண்டுவது? டயோஃபாண்டஸ் ஓரிடத்தில், எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களின் (0, 1, 4, 9 போன்றவை) கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறார். பாஷே அங்கே நின்றார். 325 வரை ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தார். நிரூபணம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1770-இல்தான் கணிதர் லக்ராஞ்ச் கொடுத்தார். வெறும் மொழிபெயர்ப்பாளர் செய்கிற வேலையா அம்மா இது? பெர்மா ஓரத்தில் எழுதினார் என்றால், அந்த ஓரத்துக்கு நடுவே ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

சாதுவான ஆள் என்றும் நினைக்காதீர்கள். பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க்கைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் புகழ்பெற்ற அமியோவின் நூலில் 2000-க்கும் மேல் பிழை இருப்பதாக பிரெஞ்சு மொழிக்கான அமைப்பான பிரெஞ்சு அகாதெமிக்கே எழுதி அனுப்பியவர்.

1612-இல் அவர் வெளியிட்ட புதிர்க் கணக்கு நூலில் எனக்குப் பிடித்தது எடைக்கல் கணக்கு. 1, 3, 9, 27 என நான்கே கற்கள். 1 முதல் 40 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். 2 வேண்டுமா? ஒரு தட்டில் 3-ஐ வையுங்கள், சாமான் தட்டில் 1-ஐ வையுங்கள்.

அப்பாவின் மளிகைக் கடையில் 100 கிராம் கல் ஒருமுறை தொலைந்துவிட்டது. 300 கிராம் வெல்லம் கேட்டால், அப்பா ஒரு பக்கம் அரைக்கிலோ கல்லைப் போடுவார், வெல்லத்தோடு 200 கிராம் கல்லைச் சேர்த்து வைப்பார். "என்ன அண்ணாச்சி, கல்லையும் சேத்து நிறுக்கீங்க, ஏமாத்துறீங்களா?" என்று ஒரு பாட்டி கேட்டே விட்டார். அப்பா விளக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் கூட ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்.