ஈசிஜி நார்மல், ஆனாலும் மாடி ஏறினால் நெஞ்செரிச்சல்

மாடி ஏறினால் அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் வருகிறது, ஈசிஜி நார்மல், அப்படியானால் வாயுதானா, ஜெலுசில் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈசிஜி நார்மல் என்பதை வைத்து வாயுதான் என்று முடிவு கட்ட முடியாது. படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி அந்தச் சில நொடிகளை மட்டுமே காட்டும்.

மாடி ஏறினால் எரிச்சல், நின்றால் அடங்குகிறது என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரும் ஆஞ்சைனா என்ற நெஞ்சுவலி இப்படித்தான் இருக்கும். வாயு பெரும்பாலும் சாப்பாட்டைப் பார்த்து வரும், மாடிப்படியைப் பார்த்து அல்ல. அவருக்குச் சர்க்கரை நோய் வேறு இருக்கிறது. அதனால் நரம்பு பாதித்திருந்தால் வலியே தெரியாமலும் போகலாம்.

ஜெலுசில் மாதிரி அமில முறிவு மருந்துக்கு எரிச்சல் அடங்குகிறதா என்று பார்ப்பது சோதனையாகாது. தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, நாளைக்கே இதய மருத்துவரிடம் போங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பதா, டிரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) செய்வதா என்று அந்த மருத்துவர் சொல்லட்டும். நீங்களாக மாடி ஏறவைத்துப் பார்க்காதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ உடனே 108. பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம்.