ஆறு பேர் ஏறும் காடிக்கு எத்தனை சி.சி.?

(வாகனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குச் சுங்கை சிப்புட்டில் பட்டறை நடத்தும் நம் மெக்கானிக் அண்ணன் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணே, வணக்கம். லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணி. வீட்டுக்காரர் தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருகிறார். மூன்று பிள்ளைகள், முட்டிவலிக்கார மாமியார், ஆக வீட்டில் ஆறு பேர். இருக்கிற பழைய புரோட்டோன் வீரா இனித் தாங்காது. கடனோடு சேர்த்து 50,000 வெள்ளிக்குள் ஓர் எஸ்.யு.வி. பார்க்கிறோம். கடைக்காரர் இரண்டு காட்டினார்: 2019 பெரோடுவா ஆரூஸ் 1.5, 2015 ஹோண்டா சி.ஆர்.வி. 2.0. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். நாத்தனார் கேமரனில் இருப்பதால் வருடத்தில் மூன்று நான்கு தடவை மலை ஏறுவோம். "1.5-ஐ வைத்துக்கொண்டு ஆறு பேரோடு கேமரன் போக முடியாது" என்கிறார் என் அண்ணன். வீட்டுக்காரருக்கோ எண்ணெய்ச் செலவை நினைத்துப் பயம். எதை எடுக்கலாம்?
— வாசகி ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, சி.சி. கணக்குக்கு முன்னால் சீட்பெல்ட் கணக்கு. அந்த சி.ஆர்.வி.யில் ஐந்து பெல்ட்தான். கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். திடீர் பிரேக்கில் மடிப்பிள்ளை யார் கையிலும் நிற்காது. குழந்தை இருக்கை 2020 ஜனவரியிலிருந்து சட்டமும் ஆகிவிட்டது. அதை மாட்டினால் பின்சீட்டில் இன்னும் இரண்டு பேருக்கே நெருக்கடி. உங்கள் அண்ணன் சொல்லும் 2.0 நல்ல வண்டிதான், ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அளவு பத்தாத சட்டை.

சரி, ஆரூஸ் மலை ஏறுமா? ஏறும். கத்திக்கொண்டு ஏறும். 1,496 சி.சி., டர்போ கிடையாது, ஆட்டோ கியரில் நாலே நாலு படி. சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் ஆறு பேரும் ஏர்கோனும் மூட்டை முடிச்சுமாகப் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டி இரையும். கூலன்ட் சரியாக இருந்து, சிவப்பு விளக்கு எரியாத வரை அந்தச் சத்தத்தால் ஒரு கேடும் இல்லை. மலையில் முந்துவதற்கு மட்டும் இந்த இன்ஜினை நம்பாதீர்கள். காய்கறி லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போங்கள். இறங்கும்போது கியரைக் கீழே போட்டு இறங்கச் சொல்லுங்கள் வீட்டுக்காரரிடம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அடிவாரம் வருவதற்குள் கருகிய வாடை வந்துவிடும். வருடத்தில் நாலு தடவை மலைக்காக மற்ற நாளெல்லாம் 2.0-க்கு எண்ணெய் ஊற்றத் தேவையில்லை.

எண்ணெய்க் கணக்கு இதோ. உங்கள் ஓட்டம் மாதம் 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். என் பட்டறைக்கு வரும் ஆரூஸ்காரர்கள் லிட்டருக்கு 12, 13 கிலோமீட்டர் என்கிறார்கள், 2.0 சி.ஆர்.வி. வைத்திருப்பவர்கள் 10 என்கிறார்கள். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி95 மானியப் பெட்ரோல் விலை, லிட்டர் 1.99 வெள்ளி. அதன்படி ஆரூசுக்கு மாதம் 240, சி.ஆர்.வி.க்கு 300. சாலை வரியும் இருக்கிறது. தீபகற்பத்தில் 1.5 எஸ்.யு.வி.க்கு 120 வெள்ளி, 1,997 சி.சி.க்கு 438.80. ஆக மொத்தம் வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி வித்தியாசம்.

ஆயிரம் வெள்ளி சின்னத் தொகை இல்லை. ஆனாலும் பழைய எஸ்.யு.வி. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் இன்ஜினைப் பற்றியே கேட்கிறார்கள், கியர்பாக்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் ஓடும் 1.5-ம் 2.0-ம் நேரத்துக்கு இன்ஜின் எண்ணெய் மாற்றினால் லேசில் சாகாது. குடும்பத்தின் சேமிப்பைக் கரைப்பது ஆட்டோ கியர்பாக்ஸ்தான். அது போனால் பல வருட எண்ணெய் மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். ஆரூசில் இருப்பது பழைய பாணி நாலு கியர். நெடுஞ்சாலையில் அதன் இரைச்சல் எரிச்சலாக இருக்கும், ஆனால் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கைகள் ஈப்போவில் நிறைய உண்டு. இதே விலையில் ஹோண்டா பி.ஆர்.வி. கண்ணில் பட்டால் அதையும் பாருங்கள். அதுவும் 1.5, ஏழு சீட், உள்ளே சத்தம் குறைவு. அதில் இருப்பது சி.வி.டி., அதாவது படிகள் இல்லாத ஆட்டோ கியர். அதற்கென்றே உள்ள எச்.சி.எஃப்.-2 எண்ணெயை முன்சொந்தக்காரர் ஒழுங்காக மாற்றியதற்கு ரசீது இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

எந்த வண்டியானாலும் காலையில் முதல் ஆளாகப் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று கடையில் சொல்லிவிடுங்கள். சொல்லியும் செய்வார்கள், அதனால் போனவுடன் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் கால் வைத்தபடி ரிவர்சுக்குத் தள்ளுங்கள். வண்டி உடனே லேசாக அசைய வேண்டும். தாமதித்து 'டக்'கென்று உதைத்தால் வேறு வண்டி பாருங்கள். கியர் எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடச் சொல்லுங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ பரவினால் நல்லது. கறுத்துப்போய், அடிப்பிடித்த வாடை அடித்தால் கடைக்காரர் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். அப்புறம், ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் ஏறும் ஏற்றத்தில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது சுற்று மட்டும் எகிறி வேகம் கூடாவிட்டால் உள்ளே வழுக்குகிறது என்று பொருள்.

மாமியாரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். ஆரூசின் அடிப்பாகம் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். தோட்டத்துப் பள்ளம் மேட்டுக்கு அது வசதி, முட்டிவலிக்கு இல்லை. அவரே ஏறி இறங்கிப் பார்த்துச் சொல்லட்டும். அவருக்கு முன்சீட்தான் சரி; மூன்றாவது வரிசை பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். அங்கே பெரியவர்கள் உட்கார்ந்தால் தாப்பா தாண்டுவதற்குள் சண்டை வரும்.

இன்னொன்று. ஆரூஸ் பின்சக்கரம் தள்ளும் வண்டி. ஆள் ஏற ஏறப் பின்னால் பிடி கூடும் என்பதால் செம்மண் ஏற்றத்தில் உதவும். அதற்காகச் செம்பனை லாரி உழுதுபோட்ட சேற்றில் இறக்கிவிடாதீர்கள், இது ஃபோர்வீல் இல்லை. 1998-இல் வந்த பெரோடுவா கெம்பாராதான் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. எங்கள் பக்கத் தோட்டங்களில் இன்னும் ஓடுகிறது, எனக்கும் அதன்மேல் ஒரு கண் உண்டு. ஆனால் ஆறு பேருக்கு அதைச் சொல்ல முடியாதே!

---

கேள்வி: லாசா பக்கம் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறேன். 2012 டொயோட்டா ஃபார்ச்சூனர் 2.5 டீசல் ஒன்று விலைக்கு வருகிறது. டீசல் இழுவையும் கூட, செலவும் குறைவு என்கிறார் நண்பர். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, சந்தை, கோயில் என்று சின்ன ஓட்டம்தான். வாங்கலாமா?
— வாசகர், லாசா

பதில்: இழுவை உண்மை. செலவு குறைவு என்பது 2024 ஜூன் 10-க்கு முந்தைய கதை. அன்றைக்குத் தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. அதற்கப்புறம் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. அரசாங்கத்தின் புடி மடானி டீசல் உதவித்தொகை சிறுதோட்டக்காரர்களுக்கு உண்டு. உங்களுக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுங்கள்.

விலையைவிட எனக்கு உங்கள் ஓட்டம்தான் இடிக்கிறது. டீசல் இன்ஜின் நன்றாகச் சூடாகி நெடுந்தூரம் ஓடினால்தான் புகைக்கரி எரிந்து வெளியேறும். பள்ளிக்கூடம், சந்தை என்று சூடாகும் முன்பே அணைத்துக்கொண்டிருந்தால் கரி உள்ளேயே தங்கிக் காற்றுப் பாதையை அடைக்கும். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பேச ஆரம்பித்திருக்கும், நாலும் ஒன்றாக மாற்றினால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். பழம் ஏற்ற வேண்டுமானால் பழைய டீசல் பிக்கப் ஒன்று, வீட்டுக்குச் சின்னப் பெட்ரோல் கார் ஒன்று. ஒரே வண்டியில் இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும்.

---

கேள்வி: புரோட்டோன் எக்ஸ்70 வாங்க ஆசை. 1.8 நல்லதா, 1.5 நல்லதா? சி.சி. குறைந்தால் பெட்ரோலும் குறையும்தானே?
— வாசகர், கோலகங்சார்

பதில்: சி.சி. குறைந்தால் சாலை வரி கட்டாயம் குறையும். 1,799 சி.சி.க்கு 359.70 வெள்ளி, 1.5-க்கு 120. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. இரண்டுமே டர்போ, உடம்பு ஒன்றுதான், கனமான உடம்பு. காலை அழுத்தினால் 1.5-ம் நன்றாகவே குடிக்கும்.

2018 டிசம்பரில் சீனாவிலிருந்து முழுசாக வந்த 1.8-களில் வழக்கமான ஆறு கியர் ஆட்டோ. 2020-இல் தஞ்சோங் மாலிமில் பொருத்தத் தொடங்கியதிலிருந்து ஏழு கியர் இரட்டை கிளட்ச். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறவர்களுக்கு முதல் வகையைத்தான் சொல்வேன், வயது ஒன்றிரண்டு கூடினாலும் பரவாயில்லை. டர்போ வண்டியில் இன்ஜின் எண்ணெயைத் தள்ளிப்போட்டவர் யார் என்பது ரசீதுகளில் தெரிந்துவிடும். ரசீதே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

---

கேள்வி: மீட்டரில் 62,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது, வண்டி 2014. நம்பலாமா? வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, ஈப்போ

பதில்: மீட்டரைக் குறைக்க ஒரு கணினியும் கொஞ்ச நேரமும் போதும். பிரேக் மிதியின் ரப்பரைத் தேய்க்க வருடங்கள் வேண்டும். ரப்பரின் ஓரம் வழவழவென்று இருந்து, ஸ்டீயரிங் தோல் பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம் அமுங்கிக் கிடந்தால் 62,000-ஐ மறந்துவிடுங்கள். டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் கிடக்கும் ஸ்பேர் டயரில் வண்டி பிறந்த வருடமே இருந்தால் இயல்பு. வேறு வருடம் என்றால் ஏன் மாறியது என்று கேளுங்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் மூழ்கிய வண்டிகள் எல்லாம் இரும்புக்கடைக்குப் போய்விடவில்லை. சீட்பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேல்பாதியைத் துடைத்து வைத்திருப்பார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தண்டவாளத் திருகுகளைத் தடவுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியானால் துரு கையில் ஒட்டும். உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, வெயிலில் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் வாடை தானாக மேலே வரும்.

பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பி5 சோதனையில் தேறிவிட்டது என்று கடைக்காரர் தாளை நீட்டுவார். நல்லதுதான், இன்ஜின் எண், சேசிஸ் எண் சரியா என்பதெல்லாம் அதில் தெரியும். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதை அந்தத் தாள் சொல்லாது. பழைய ஹோண்டாவாக இருந்தால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பழுதென்று திரும்பப் பெறப்பட்ட தக்காத்தா காற்றுப்பை மாற்றியாகிவிட்டதா என்று நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள், காசு வாங்காமல் மாற்றித் தருவார்கள்.

---

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் தன் 2.0 எஸ்.யு.வி.யைச் 'சம்போங் பாயார்' முறையில் தருகிறார். கையில் 3,000 வெள்ளி கொடுத்துவிட்டு மாதத் தவணையை நான் கட்டிக்கொண்டு போனால் போதுமாம்.
— வாசகர், பெயர் வேண்டாம்

பதில்: வேண்டாம் தம்பி. கடன் முடியும் வரை அந்த வண்டி வங்கியுடையது. 1967 தவணைமுறைக் கொள்முதல் சட்டப்படி வங்கியைக் கேட்காமல் அதைக் கைமாற்றிவிட அவருக்கு உரிமையே இல்லை. பத்திரம் அவர் பெயரில், கடன் அவர் பெயரில், சம்மன் அவர் பெயரில். நீங்கள் ஒழுங்காகக் கட்டியும் அவர் வங்கியில் கட்டாவிட்டால் ஒரு நாள் காலையில் வாசலில் வண்டி இருக்காது. போலீசில் போய்ச் சொல்லவும் உங்கள் கையில் ஒரு துண்டுத் தாள் இருக்காது. அந்த 3,000 வெள்ளி பழைய மைவி ஒன்றுக்கு முன்பணமாகும். வண்டியைப் பார்த்துவிட்டு என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், அடியில் படுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.