ஐந்து நிமிடத்தில் மனம் ஓடிவிடுகிறது, எப்படி ஜெபிப்பது?

கேள்வி: எனக்கு 34 வயது. பெரம்பூரில் கூட்டுக்குடும்பம், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மாமியார் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் வாய்விட்டு ஜெபிப்பார். நான் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மனம் சமையலுக்கும் கரன்ட் பில்லுக்கும் ஓடிவிடுகிறது. வார்த்தையும் வருவதில்லை. கணவருக்கு வேலை போய் ஒன்றரை வருடம். அதற்காக ஜெபிக்காத நாளில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்கிறார் சபையில் ஒரு சகோதரி. தேவனுக்கு எல்லாம் தெரியும் என்றால் நாம் ஏன் கேட்க வேண்டும்? நாத்தனாருடன் ஆறு மாதமாகப் பேச்சில்லை, அதுவும் ஒரு பாரம்.
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தேவனுக்குத் தெரியும் என்றால் ஏன் கேட்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது தெளிந்தால் மற்றவை எளிது. நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே நம் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று மத்தேயு 6:8 சொல்கிறது. அதற்கு அடுத்த வசனத்திலேயே, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் தொடங்கிவிடுகிறது. ‘அவருக்குத் தெரியும், ஆகவே இப்படி ஜெபியுங்கள்’ என்பதுதான் இயேசு சொன்ன வரிசை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அம்மாவுக்குத் தெரியும். நெற்றியில் கை வைத்தபடி பக்கத்திலேயேதான் இருக்கிறாள். ஆனாலும் பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறது. ஜெபம் அந்தக் கூப்பிடுதல்.

சொந்த வார்த்தை வரவில்லை என்று வருந்தாதீர்கள். ஜெபிக்கக் கற்றுத்தாரும் என்று சீஷர்களே கேட்டிருக்கிறார்கள் (லூக்கா 11:1). அவர்களுக்குக் கிடைத்த வார்த்தைகள் உங்களுக்கும் போதும். பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான் ஆகும். அதைப் பதினைந்து நிமிடமாக விரியுங்கள். ஒரு வரி சொல்லி நிறுத்துங்கள். அந்த வரிக்குள் உங்கள் நாளைக் கொண்டுவாருங்கள். பிறகு அடுத்த வரி.

முதல் மூன்று விண்ணப்பங்களும் பிதாவுடைய நாமம், ராஜ்யம், சித்தம் பற்றியவை. பாதி நேரத்தை இவற்றுக்கே கொடுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கண்ணை மூடியதும் கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறோம். பதினைந்து நிமிடமும் கவலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழும்போது மனம் ஏன் இன்னும் கனக்கிறது என்று கேட்கிறோம்.

அதன் பிறகுதான் ஆகாரம் கேட்கும் வரி. கணவரின் வேலையை இங்கே வையுங்கள். சபைச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், அன்றாட ஆகாரம் என்பதற்குள் உடை, வீடு, நல்ல அரசு, நல்ல அயலார் வரை எல்லாவற்றையும் அடக்குகிறார். இந்த வரியில் ‘இன்று’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அடுத்த வருடப் பள்ளிக் கட்டணத்தை இன்று காலையே சுமக்க வேண்டாம். அதோடு, தனியறையில் ஜெபித்தாலும் நாம் சொல்வது ‘எங்கள் பிதாவே’, ‘எங்களுக்குத் தாரும்’ என்றுதான். அந்த ‘எங்களில்’ உங்கள் மாமியாரும் இருக்கிறார், நாத்தனாரும் இருக்கிறார்.

மனம் ஓடுவதைப் பாவமென்று எண்ணி அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கரன்ட் பில் நினைவுக்கு வந்தால், ‘ஆண்டவரே, இந்த மாத பில் பயமாக இருக்கிறது’ என்று அதையே ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டு விட்ட வரிக்குத் திரும்புங்கள். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும். மறந்துவிடுமோ என்று தோன்றும் வேலையை அதில் குறித்துக்கொள்ளலாம். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். ஜெபத்துக்கு அலாரம் வைக்கப் போய்த்தான் பாதிப் பேர் வாட்ஸப்பில் விழுகிறார்கள். கடிகாரம் பாருங்கள், போதும். வாய்க்குள்ளேயே சொல்வதைவிட மெல்லிய குரலில் சொன்னால் மனம் அவ்வளவு சுலபமாக நழுவாது.

கூட்டுக்குடும்பத்தில் தனியறைக்கு எங்கே போவது? மத்தேயு 6:6-இல் ‘அறைவீடு’ என்று வரும் இடத்தில் மூலமொழியில் இருப்பது, வீட்டுச் சாமான்கள் வைக்கும் உள்ளறைக்கான சொல். உங்கள் சமையலறைத் தரை அதற்குத் தாராளமாகப் பொருந்தும். ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். பதினைந்து நிமிடம், தினமும் அதே நேரம், அதே இடம். மாமியாருடைய ஒரு மணி நேரம் பல வருடத்தில் வளர்ந்தது, அதோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம். மற்றவர்களுக்காக வேண்ட ரயில் இருக்கிறது. பெரம்பூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவே கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என ஐந்து ஸ்டேஷன். ஸ்டேஷனுக்கு ஒரு பெயர், கண்ணைத் திறந்துகொண்டே.

‘விசுவாசம் போதாது’ என்ற சொல் உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்பது புரிகிறது. அது தவறான சொல். கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று முறை ஜெபித்தார், பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. தன் மாம்சத்தில் வருத்திய ஒரு ‘முள்’ நீங்க வேண்டுமென்று பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் வந்தது. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்? கேட்டது ஏன் தாமதிக்கிறது என்பதற்கு எந்த மனிதரும் உங்களிடம் கணக்குச் சொல்ல முடியாது. கோபமாக இருந்தால் அதையும் தேவனிடமே சொல்லுங்கள். 13ஆம் சங்கீதத்தை ஒரு வாரம் தினமும் வாசியுங்கள், ஆறே வசனம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதம் ஜெபமாகவே வைத்திருக்கிறது.

நாத்தனார் விஷயத்தைக் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பரமண்டல ஜெபத்தை முடித்ததும் இயேசு திரும்பிவந்து விளக்குவது ஒரே ஒரு விண்ணப்பத்தைத்தான், மன்னிப்பை (மத்தேயு 6:14, 15). அந்த வரிக்கு வரும்போது உங்கள் நாக்கு தயங்குகிறதென்றால், தயங்கட்டும். அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். நாத்தனார் பெயரைச் சொல்லி, ‘எனக்கு இன்னும் மனம் வரவில்லை, வரப்பண்ணும்’ என்று கேளுங்கள். இந்த ஞாயிறு ஆராதனைக்குப் போவதற்கு முன்பே ஒரு போன் செய்யுங்கள். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சை எடுக்க வேண்டாம். பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள் என்று விசாரித்தால் போதும்.

இன்னொன்று. கணவருக்காக ஜெபிக்கிறேன் என்கிறீர்கள், அவரோடு ஜெபிப்பதாக எழுதவில்லை. வேலையில்லாத மனிதருக்கு, தன்னைப் பற்றி வீட்டில் எல்லோரும் கண்ணை மூடிப் பேசுவதும் ஒரு பாரம்தான். இரவு படுக்கும்முன் அவர் கையைப் பிடித்து ஒரே வாக்கியம் சொல்லுங்கள். அவருக்கு விருப்பமிருந்தால் ‘ஆமென்’ சொல்லட்டும், இல்லையென்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.