கேள்வி–பதில்: கல்லூரி விளையாட்டுப் பணத்தில் பெண்களுக்குப் பங்கு எவ்வளவு?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகவே பணம் தரத் தொடங்கிவிட்டதாகப் படித்தேன். அதில் பெண்களுக்குச் சரிபாதி தர வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லையா?
— வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: சட்டம் இருக்கிறது, அது இந்தப் பணத்துக்குப் பொருந்துமா என்பதில்தான் வழக்கே. 1972-இல் வந்த ‘டைட்டில் நைன்’, மத்திய அரசின் நிதி பெறும் கல்வித் திட்டம் எதிலும் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது; பின்னர் எழுதப்பட்ட விதிகள்தான் அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தன. அவற்றிலும் சரிபாதி என்ற கணக்கு இல்லை. உதவித்தொகையை, விளையாடும் ஆண், பெண் எண்ணிக்கையின் விகிதத்தில் பகிர வேண்டும். பயிற்சி, பயணம், உடை மாற்றும் அறை போன்றவை ஈடாக இருக்க வேண்டும். (கடைசியாகச் சொன்னது அற்பமானதல்ல. குளிக்க வசதியின்றி ஈர உடையோடு பேருந்தில் காத்திருந்து சலித்த யேல் பல்கலைக்கழகப் படகோட்டப் பெண்கள், 1976-இல் அச்சட்டத்தின் பெயரை உடலில் எழுதிக்கொண்டு, நிர்வாகியின் அறையில் உடை களைந்து நின்றார்கள்.)

தங்கள் ஆட்டத்தால் வந்த பணத்தில் பங்கு தரவில்லை என்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் மீது வீரர்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, 2016 முதல் ஆடிய வீரர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு கிடைக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் 2.05 கோடி டாலர் வரை மாணவர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். இழப்பீட்டின் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்குமே போகிறது என்பதால், சில நாட்களுக்குள்ளேயே வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். இத்தகைய பணத்துக்கும் ‘டைட்டில் நைன்’ பொருந்தும் என்று கல்வித்துறை 2025 ஜனவரியில் சொன்னது. ஆட்சி மாறியதும் அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது.

வருமானம் ஈட்டும் ஆட்டத்துக்கே பணம் என்ற வாதம் நியாயம்போலத் தோன்றினாலும், எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 2021-இல் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்கு வந்த பெண்களுக்கு ஒரு சிறிய டம்பெல் அடுக்கும், ஆண்களுக்கு முழு உடற்பயிற்சிக் கூடமும் கொடுத்த என்.சி.ஏ.ஏ. அமைப்பினர், ஆண்கள் போட்டிக்கு உரிய ‘மார்ச் மேட்னஸ்’ என்ற புகழ்பெற்ற வணிகப் பெயரையும் 2022 வரை பெண்கள் போட்டிக்குத் தரவில்லை. அந்தப் பெயர் கிடைத்த மூன்றாவது பருவத்தில், 2024-இல், பெண்கள் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடி.